ரேம் டைமிங்: 3600ல ஏன் எரர் வருது?

பிரபு: மாமா, ரைசன் 5600, பி550 போர்டு. டிடிஆர்4 8 ஜிபி ஸ்டிக் ரெண்டு. எக்ஸ்எம்பில (ஸ்டிக் கம்பெனியே வச்ச செட்டிங்) 3200 வேகம், 16-18-18-38 டைமிங், 1.35 வோல்ட்ல சுத்தமா ஓடுச்சு. 3600 வச்சு 18-22-22-42 போட்டேன். விண்டோஸ் வருது, ஆனா ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86ல ரெண்டாவது பாஸ்ல (சுத்துல) 3 எரர்.

மாமா: டிஆர்எஃப்சி, அதான் செல்லுல கசியற சார்ஜைத் திரும்ப நிரப்புற ரெஃப்ரெஷுக்கு விடற கிளாக், எவ்வளவு இருக்கு?

பிரபு: 560. பழைய நம்பர்தான், அதைத் தொடல.

மாமா: தொடாம விட்டதுதான் கோளாறு. டைமிங் நம்பர் எல்லாம் கிளாக் கணக்கு, நேரம் இல்ல. 3200ல ஒரு கிளாக் 0.625 நானோசெகண்ட். 560 கிளாக்னா 350 நானோசெகண்ட். 8 ஜிகாபிட் சிப்புக்கு ஸ்டாண்டர்டே அதுதான். 3600ல ஒரு கிளாக் 0.556. இப்ப அதே 560க்கு 311தான் கிடைக்குது. சிப் ரெஃப்ரெஷ் முடிக்கிறதுக்குள்ள அடுத்த கமாண்ட் வந்து நிக்குது. 630 போடு. வோல்டேஜைத் தொடாதே, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான்.

கவிதா அக்கா: சிஎல், அதான் டைமிங்ல முதல் நம்பர், 16ல இருந்து 18 ஆனா ஸ்லோ ஆகாதா?

பிரபு: ஆகாது அக்கா. 16×2000÷3200 = 10 நானோசெகண்ட். 18×2000÷3600ம் 10தான். காத்திருக்கிற நேரம் அதேதான், பேண்ட்விட்த் கூடுது.

மாமா: எஃப்சிஎல்கே (ப்ராசசருக்குள்ள இருக்கிற இணைப்போட கிளாக்) 1800னு கையால போடு. மெமரி கிளாக்கோட (3600ல பாதி, 1800) 1:1ல ஓடலன்னா 3600 வச்சும் பிரயோஜனம் இல்ல. ஸ்டிக் ரெண்டும் ப்ராசசர்ல இருந்து 2வது, 4வது ஸ்லாட்ல இருக்கா?

பிரபு: இருக்கு. சிஎல் 17 போட்டுப் பார்த்தேன், 18னே காட்டுது.

மாமா: கியர் டவுன் மோட் ஆன்ல இருக்கும். அது ஒற்றைப்படை சிஎல்லை இரட்டைப்படைக்கு ஏத்திடும். ஆன்லயே இருக்கட்டும்.

கவிதா அக்கா: டெஸ்ட் முடியற வரைக்கும் போட்டோ, வீடியோ எதையும் காப்பி பண்ணாதே தம்பி. ரேம்ல ஒரு பிட் மாறினா அந்தத் தப்போடதான் டிஸ்க்ல எழுதும், எந்த மெசேஜும் வராது. பேக்கப் டிரைவைக் கழட்டி வச்சிடு.

பிரபு: 👍 630 போட்டாச்சு. 4 பாஸ், எரர் 0.

மாமா: இன்னும் முடியல. மெம்டெஸ்ட்ல கிராஃபிக்ஸ் கார்டு சும்மா கிடக்கும், ஸ்டிக் சூடாகாது. கேம் ஓடும்போது அந்த அனல் நேரா ரேம் மேல அடிக்கும். செல்லுல இருக்கிற சார்ஜ் சூட்டுல வேகமா கசியும். விண்டோஸ்ல டெஸ்ட்மெம்5ங்கிற ரேம் டெஸ்ட் ஓட்டு, கூடவே கிராஃபிக்ஸ் கார்டுக்கும் ஒரு மணி நேரம் லோடு கொடு. ஸ்டிக்ல சென்சார் இருந்தா எச்டபிள்யூ இன்ஃபோ ஆப்ல சூடு தெரியும், 50 டிகிரிக்குக் கீழ இருக்கட்டும். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான்.

கவிதா அக்கா: ஸ்கிரீனே வராமப் போனா?

மாமா: ரெண்டு மூணு தடவை தானா ஆஃப் ஆகி ஆன் ஆகும், பொறுத்துப் பாருங்க. அப்பவும் வரலன்னா பவர் கேபிளைப் பிடுங்கிட்டு, போர்டுல செட்டிங்கைப் பழையபடி ஆக்குற சிஎம்ஓஎஸ் ஜம்பரைப் பத்து விநாடி ஷார்ட் பண்ணுங்க.

பிரபு: ஒரு மணி நேரம் ஆச்சு மாமா. 46 டிகிரி, எரர் இல்ல. பயாஸ் (போர்டோட செட்டிங் மெனு) ப்ரொஃபைல்ல சேவ் பண்ணிட்டேன்.

மாமா: பயாஸ் அப்டேட் பண்ணா அது அழிஞ்சு போகலாம். டைமிங் பக்கத்தைப் போட்டோ எடுத்து இங்கயே போட்டு வை.

பிரபு: 📷 போட்டோ