நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கிறவர்கள்

இங்கிலாந்தில் லீட்ஸுக்கு வேலைக்கு வந்த பிறகு, கூட வேலை பார்த்த ஒரு பெரியவர் வழியாகத்தான் எனக்குச் சிப்பண்டேல் சொசைட்டி பழக்கமானது. சிப்பண்டேல் என்ற பழைய காலத்துப் பேர்பெற்ற தச்சரின் நாற்காலி, மேசைகளை ஆராய்கிறவர்களின் சங்கம் அது. கூட்டத்தில் பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள். டீயும் பிஸ்கட்டும் உண்டு. ஒரு மேசையின் கால் யார் பட்டறையில் செய்தது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள்.

தாமஸ் சிப்பண்டேல் 1718-ல் இங்கே பக்கத்தில் ஓட்லி என்ற ஊரில் பிறந்தவர், தச்சர் வீட்டுப் பிள்ளை. லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் பட்டறை போட்டார். 1754-ல் தன் வடிவங்களை அச்சிட்டுப் புத்தகமாக விற்றார். அங்கேதான் சிக்கல். காசு கொடுத்து அந்தப் புத்தகத்தை வாங்கிய எந்தத் தச்சரும் அதே நாற்காலியைச் செய்யலாம், செய்தார்கள். அவரோ தன் சாமான்களில் முத்திரை குத்தும் வழக்கமே இல்லாதவர். ஆக, அவர் பட்டறைச் சரக்கு என்று நிரூபிக்க முதல் சாட்சி பழைய ரசீதுதான். பெருமாள் கோயில் நகைக்குக் கல்வெட்டுச் சாட்சி தேடுவது மாதிரி இவர்கள் ரசீது தேடுகிறார்கள்.

ரசீது இல்லாவிட்டால்? டெம்பிள் நியூசம் மாளிகையில் ஒரு நாள் அதைப் பார்த்தேன். சங்கத்தின் சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது. மரவேலையிலேயே காலம் தள்ளிய ஓர் உறுப்பினர், கையுறை மாட்டிக்கொண்டு ஒரு நாற்காலியை மெதுவாகக் கவிழ்த்தார். முதுகுச் செதுக்கல் எவ்வளவு அழகு என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம், அவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இருக்கைச் சட்டத்தின் அடியில் டார்ச் அடித்தார். உள்விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுகள். பசை காயும்வரை சட்டத்தை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் மாட்டிய இடம் என்றார். பக்கத்தில் ஸ்க்ரூ துளைகள். லண்டனிலிருந்து யார்க்ஷயர் வரும் வழியில் ஆடிக் கால் முறியாமலிருக்கக் கட்டைகளை வைத்து முடுக்கிய துளைகளாம். வீட்டுக்கு வந்ததும் கட்டையைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள், துளை இருநூற்றைம்பது வருஷமாக நிற்கிறது. மேசை, அலமாரி என்றால் சாவித் துவாரத்தை உற்றுப் பார்ப்பார்களாம். ஆங்கில எழுத்து 'எஸ்' மாதிரி வளைந்திருந்தால் அவருக்கு முகம் மலரும். ஒரு அடையாளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, நாலைந்து சேர்ந்து வரவேண்டும் என்று உடனே அடக்கியும் வைத்தார்.

அன்றைக்கு ஒரு பெண்மணி பாட்டி வீட்டு நாற்காலியின் படத்தைப் போனில் கொண்டுவந்திருந்தார். நாற்காலியைக் கவிழ்த்த அதே உறுப்பினர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "அருமையான நாற்காலிம்மா, நன்றாக உட்காருங்கள்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

ஹேர்வுட் மாளிகைக்குப் போனது வேறு மாதிரி. டயானா, மினெர்வா என்ற ரோமானியத் தேவதைகளின் உருவங்களை மரத்துண்டுகளாலேயே பதித்த, சிப்பண்டேல் செய்த கமோட் அங்கே இருக்கிறது; கழிப்பறைக் கமோட் இல்லை, அலங்கார அலமாரிக்கு அந்தக் காலத்துப் பெயர். 1773-ல் 86 பவுண்ட் பில். பக்கத்தில் நின்றால் மூச்சு அடைக்கும். அந்தப் பவுண்ட் வந்த வழியையும் சொல்லவேண்டும்: மாளிகைக்குச் சொந்தக்காரர்களான லாசெல்ஸ் குடும்பம் மேற்கிந்தியத் தீவுகளில் சர்க்கரையிலும் அடிமை வியாபாரத்திலும் சம்பாதித்தது. அந்தக் காலத்தில் எல்லாரும் விரும்பிய மகோகனியும் ஜமைக்கா போன்ற இடங்களில் அடிமைகள் வெட்டிய மரம். இதை விட்டுவிட்டு வேலைப்பாட்டை மட்டும் புகழ எனக்கு மனசு வரவில்லை.

எனக்குப் பிடித்தது நாஸ்டெல் என்ற இன்னொரு யார்க்ஷயர் மாளிகை. 1767-ல் நூலக மேசைக்கு 72 பவுண்ட் 10 ஷில்லிங் பில் எழுதிய அதே சிப்பண்டேல், அடுக்களைக்கு எல்ம் மரத்தில் கறி வெட்டும் கட்டையும் செய்து அனுப்பியிருக்கிறார். வீட்டுக்காரர் சர் ரோலண்ட் வின் பணம் தருவதில் இழுத்தடிப்பார். சரக்கு தாமதமானால் மட்டும் காட்டமாகக் கடிதம் போடுவார். சிப்பண்டேல் கெஞ்சி எழுதிய கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. திரும்பும்போது பஸ்ஸில் இதே பேச்சுதான், மொத்தப் பேரும் தச்சர் கட்சி. சர் ரோலண்டுக்காக வாதாடியது ஒரே ஒருவர். "சொன்ன தேதிக்குச் சாமான் வரவில்லையென்றால் நானும் பணத்தை நிறுத்தித்தான் வைப்பேன்" என்றார். ஆள் ஓய்வு பெற்ற கணக்காளர்.