மே மாதம் ஸ்காபரோவில குருவி பாக்க அம்மாவையும் மகளையும் எங்க கூட்டிக்கொண்டு போறது?

மக்கோவன்_ஸ்டீல்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ரொறன்ரோவில, ஸ்காபரோ மில்லிகன் பார்க்குக்குப் பக்கத்தில இருக்கிறம். அம்மா கிளிநொச்சியில வளந்தவ, குளத்தடியில என்ன கத்தினாலும் சத்தத்தை வைச்சே பேர் சொல்லுவா, இஞ்ச வந்த பிறகு பனிக்காலம் முழுக்க யன்னலால பாத்துக்கொண்டு இருக்கிறதுதான் அவவுக்கு வேலை. போன கிழமை வெயில் எறிக்க, என்ர மகளோட (ஒன்பது வயசு) பார்க்குக்கு நடந்து போட்டு வந்து, தோளில சிவப்புப் பட்டி வைச்ச கறுப்புக் குருவி ஒண்டு தண்ணிக்கரைப் புல்லில இருந்து கத்துது, அது என்ன பிள்ளை எண்டு கேட்டா, எனக்குத் தெரியேல்ல. அண்டையில இருந்து ரெண்டு பேரும் அதே கதை.

மே மாதம் இஞ்ச கனக்கக் குருவியள் வாறது எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். எந்தக் கிழமை போனா நல்லம், எங்க போறது, அம்மாவால மேடு பள்ளத்தில கனதூரம் நடக்க ஏலாது, வாங்கு இருக்க வேணும், வாஷ்றூம் இருக்க வேணும். பைனாகுலர் என்ன வாங்கிறது எண்டும் சொல்லுங்கோ. இன்னொண்டு, எங்கட ஆக்கள் சேந்து காலமையில இப்பிடி நடக்கிற குழு ஏதும் இருக்கோ? அம்மாவுக்கு இங்கிலிஸ் குழுவோட போகக் கூச்சமா இருக்கு.

ஏரிக்கரை:

தங்கச்சி, அம்மா பாத்தது ரெட் விங்ட் பிளாக்பேர்ட். அந்தச் சிவப்புப் பட்டி ஆணுக்குத்தான், பொம்பிளைக் குருவி மண்ணிறத்தில கோடு கோடா இருக்கும், பாத்தா வேற இனம் எண்டுதான் நினைப்பீங்கள். மார்ச்சில பனி கரையிற நேரமே வந்திடும். மே கடைசி, ஜூனில கூடு வைச்சிருக்கேக்க பக்கத்தால போனா பின்னால வந்து தலையில கொத்தும், மகளுக்குச் சொல்லி வையுங்கோ, ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு கெதியா தாண்டிப் போனாச் சரி.

மே மாதத்து விசேஷம் வார்ப்ளர் எண்ட சின்னக் குருவியள். பத்துக் கிராம் பாரம் வரும், அவ்வளவுதான். பனிக்காலத்தை மத்திய அமெரிக்கா, கரீபியன், தென் அமெரிக்கா எண்டு கழிச்சுப்போட்டு கனடாவின்ர வடக்குக் காட்டுக்குக் குஞ்சு பொரிக்கப் போகுதுகள், போறது இரவில. தெற்கால வாறதுகள் ஒன்ராறியோ ஏரியை ஒரே மூச்சில கடக்க வேணும், எங்கட பக்கம் அது ஐம்பது கிலோமீற்றர் அளவு அகலம். விடியக் களைச்சுப்போய் கரைக்கு வந்தா முதல் கண்ணில படுற மரத்தில இறங்கிச் சாப்பாடு தேடும், அந்த மரம் ரொறன்ரோவில எங்கட வீட்டுக்குப் பின்னால நிக்கிற மரமாவும் இருக்கலாம். அதாலதான் சொல்லுறன், இந்த ரெண்டு மூண்டு கிழமைக்குத் தூரம் போகத் தேவையில்லை.

ஏப்ரல் கடைசியில வாலுக்கு மேல மஞ்சள் திட்டு வைச்ச யெல்லோ ரம்ப்ட் வார்ப்ளர் வரும், மே முதல் கிழமை ஓரியோல், அது நல்ல செம்மஞ்சளும் கறுப்பும், அம்மா மாங்குயில் எண்டு சொல்லுவா பாருங்கோ (உண்மையில அது வேற குடும்பம்). ரெண்டாம் மூண்டாம் கிழமைதான் உச்சம். பிளாக்பேர்னியன் எண்டு ஒண்டு, கழுத்து நெருப்புத் தணல் மாதிரி இருக்கும், அதை வெயிலில ஒருக்காப் பாத்திட்டால் பிறகு ஒவ்வொரு மேயும் தேடிக்கொண்டுதான் திரிவீங்கள். மே கடைசியில இலை அடர்ந்திடும், சத்தம் கேக்கும், ஆளைக் காணேலாது.

நாளைப் பாக்கிறதை விடக் காத்தைப் பாருங்கோ. இரவு தெற்குக் காத்து, கொஞ்சம் சூடு, விடியப்பறம் சாதுவான மழை, இந்த மூண்டும் சேந்தா அண்டைக்கு வேலைக்கு லீவு போடலாம். பேர்ட்காஸ்ட் எண்ட வெப்சைட்டில, இரவில பறக்கிற குருவியளைக் காட்டுற ராடர் வரைபடம் இருக்கு, அது அமெரிக்காவுக்குத்தான் போடுறது, ஆனா ஏரிக்குத் தெற்கால பஃபலோ பக்கம் இரவு அந்தப் படம் நல்லா வெளிச்சமா இருந்தா விடிய எங்கட கரையில குருவி நிக்கும். வடக்குக் காத்து அடிச்சாப் புதுக் குருவி பெரிசா வராது, நிக்கிறதுதான் நிக்கும்.

அம்மாவுக்கு ரோசெட்டா மக்லெயின் கார்டன்ஸ். கிங்ஸ்டன் ரோட்டில, பிளஃப்ஸ் எண்ட ஏரிக்கரைச் செங்குத்து மேட்டுக்கு மேல. சமதரை, நல்ல பாதை, கனக்க வாங்கு, நாயும் கொண்டுவரேலாது. பைன் மரங்களுக்குக் கீழ வாங்கில இருந்துகொண்டே பாக்கலாம். கீழ பிளஃபர்ஸ் பார்க்கும் நல்லம், ஆனா வெயில் நாளில பத்து மணிக்குப் பிறகு கார் விட இடமிராது. ஹை பார்க்கும் நல்ல இடம்தான், செரி பூக்கிற கிழமை மட்டும் சனக்கூட்டம், அந்தப் பக்கமே போகாதேங்கோ.

சென்னை_டு_மார்க்கம்:

வணக்கம்ங்க. மேல சொன்னது எல்லாம் கரெக்ட், நான் சாமான் விஷயம் மட்டும் சொல்றேன். பைனாகுலர்ல 8x42 வாங்குங்க, 8ங்கிறது எத்தனை மடங்கு பெருசா காட்டும்ங்கிறது, 42 முன்னாடி லென்ஸோட மில்லிமீட்டர் அளவு. கடைக்காரங்க 12, 16னு காட்டுவாங்க, வாங்காதீங்க, கை லேசா ஆடினாலும் படம் குதிக்கும், பாக்குற பரப்பும் சின்னதாயிடும், இலைக்கு இலை தாவுற வார்ப்ளர அதுல புடிக்கவே முடியாது. பொண்ணுக்கு 8x32 போதும், வெயிட் கம்மி. நூத்தம்பது இருநூறு டாலர்ல நல்லதே கிடைக்கும். அம்மா கண்ணாடி போடுறவங்கன்னா கண் பக்கம் இருக்கிற ரப்பர் வளையத்த உள்ள திருகி விட்டுடுங்க, இல்லன்னா ஓரமெல்லாம் கறுப்பா தெரியும், அப்படியே வெறுத்துடுவாங்க.

போன்ல மெர்லின் ஆப், கார்னெல் பல்கலைக்கழகத்து லேப் போடுறது, ஃப்ரீ. சவுண்ட் ஐடி ஆன் பண்ணி வச்சா கத்துற பறவை பேரெல்லாம் வரிசையா வரும். பசங்களுக்கு இத விட நல்ல ஆசை காட்டுற விஷயம் கிடையாது. ஆனா அது சொல்றத அப்படியே எழுதி வைக்காதீங்க. ஸ்டார்லிங் மத்த பறவை மாதிரி கத்தும், ப்ளூ ஜே பருந்து மாதிரியே கத்தும், ஆப் ஏமாந்துடும். அது பேர் சொன்னா, எந்தத் திசைன்னு தேடி கண்ணால பாத்தாதான் கணக்கு. உங்க அம்மா காதால பழகினவங்க, ரெண்டு வாரத்துல ஆப்ப விட அவங்க வேகமா சொல்லிடுவாங்கன்னு எனக்கு நம்பிக்கை இருக்கு.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். வேடந்தாங்கல் மாதிரி பெரிய பறவைங்க மரம் நிறைய உக்காந்திருக்கும்னு எதிர்பார்த்து வந்தா முதல் நாள் ஏமாற்றமா இருக்கும். இங்க எல்லாம் சின்னது, உச்சியில ஓடிக்கிட்டே இருக்கும், கழுத்து வலிக்கும். அதனால முதல்ல தண்ணி ஓரமா வாத்து, நாரை, ஆலா இதுல ஆரம்பிச்சு கண்ணைப் பழக்கிட்டு அப்புறம் மரத்துக்குப் போங்க. பாயிண்ட் பெலீ தேசியப் பூங்காவுக்குப் போகச் சொல்லி நிறைய பேர் சொல்வாங்க, அருமையான இடம்தான், ஆனா நாலு மணி நேரம் கார், மே மாசம் கூட்டம், முதல் வருஷம் வேண்டாம்.

ஸ்காபரோ கிழக்குல இருக்கிற ரூஜ் பார்க் பக்கம் போனா உண்ணி இருக்கு, லைம் நோய் பரப்புற வகை. முழு பேண்ட், பேண்ட்ட சாக்ஸுக்குள்ள விட்டுக்கோங்க, பாதைய விட்டு புல்லுக்குள்ள இறங்க வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் பொண்ணுக்கு முட்டி பின்பக்கம், காது பின்னாடி, தலைமுடி எல்லாம் பாத்துடுங்க.

வங்காலைக்காரன்:

பிள்ளை, அம்மாவுக்குத் தெரிஞ்ச பறவையளும் இஞ்ச இருக்கு, அதைச் சொல்லி முதல் சந்தோசப்படுத்துங்கோ. நான் மன்னார்ப் பக்கம். எங்கட வங்காலைக்குப் பனிக்காலத்தில ஊசிவால் வாத்து ஆயிரக்கணக்கில வரும், அதே ஊசிவால் வாத்து இஞ்ச மார்ச் ஏப்ரலில ஏரிக்கரையில நிக்கும். தலைமன்னார்க் கடலில சிவப்புச் சொண்டோட பெரிய ஆலா பாத்திருப்பா, அதுவும் ஏப்ரலில இருந்து பிளஃபர்ஸ் பார்க் மேலால கத்திக்கொண்டு பறக்கும். தகைவிலானும் அப்பிடித்தான், ஊரில மார்கழியில கரண்ட் கம்பியில வரிசையா இருக்கிறது, இஞ்ச மே மாதம் பாலத்துக்குக் கீழ கூடு கட்டும். ஊருக்கு வாறது ஆசியாவின்ர வடக்கில இருந்து, இஞ்ச வாறது தென் அமெரிக்காவில இருந்து, ஆக்கள் வேற, இனம் ஒண்டு.

ரொமி தொம்சன் பார்க்குக்கும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ. கட்டட இடிபாட்டைக் கொட்டிக் கொட்டி ஏரிக்குள்ள அஞ்சு கிலோமீற்றர் நீட்டின நிலம், இப்ப நீர்க்காகம் ஆயிரக்கணக்கில கூடு வைச்சிருக்கு. கார் உள்ளுக்க போகாது, வாரநாளில பின்னேரந்தான் திறக்கிறது வழக்கம், வெளிக்கிட முதல் நேரத்தைப் பாத்துப்போட்டுப் போங்கோ. அம்மாவால முழுத்தூரம் ஏலாது, வாசலில இருந்து முதல் கிலோமீற்றரே காணும்.

குழுவைப் பற்றி. ரொறன்ரோ ஃபீல்ட் நாச்சுரலிஸ்ட்ஸ் 1923இல தொடங்கின சங்கம், வருசம் முழுக்க நடை நடத்துகினம். அதுக்கு நீங்களும் மகளும் ஒருக்காப் போய், அவை எப்பிடி நடத்துகினம் எண்டு பாத்துக்கொண்டு வாங்கோ. பிறகு எங்கட ஆக்களுக்கு நாங்களே தமிழில நடத்துவம், என்ன குறை? பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல சேக்காதேங்கோ. கூட்டம் கூடினாப் பின்னுக்கு நிக்கிறவைக்கு ஒண்டும் தெரியாது, கதையும் கூடும், குருவியும் எழும்பிடும். வயசுபோனவையின்ர நடைக்கு எல்லாரும் நடக்கிறது எண்டு முதலே சொல்லிப்போடுங்கோ. போனில குருவிச் சத்தம் போட்டுக் கூப்பிடுறது கூடவே கூடாது, களைச்சுப் பசியோட வந்த சீவன் எதிரி வந்திட்டுது எண்டு சாப்பாட்டை விட்டுட்டுச் சண்டைக்கு வரும். ஆந்தைக் கூடு கண்டா இடத்தை வாட்ஸப்பில போடாதேங்கோ, கமராக்காரர் ஐம்பது பேர் மரத்தடியில வந்து நிப்பினம்.

மே ரெண்டாவது சனி குளோபல் பிக் டே, உலகம் முழுக்க அண்டைக்குக் கண்ட பறவையை ஈபேர்ட் எண்ட பறவைக் கணக்கு வெப்சைட்டில பதியிறவை. உலக வலசைப் பறவை நாளும் அதே சனிதான். ஒராள் கணக்கு எழுதி மற்றவைக்கும் ஷெயர் பண்ணலாம், பிள்ளையளிட்ட அந்த வேலையைக் குடுத்தா ஒழுங்காச் செய்வினம்.

பதினாறாம்_மாடி:

ஒரு விசயம் விட்டுப்போச்சு. வசந்தத்தில கண்ணாடியில மோதி விழுற குருவியும் கனக்க. நான் இருக்கிற கொண்டோ வாசலில ஒவ்வொரு மேயும் விழும், மனேஜ்மென்டுக்கு எழுதியும் இன்னும் ஒண்டும் செய்யேல்ல, அதுக்காக விடப்போறதில்லை. ஃபிளாப் எண்ட அமைப்பு 1993இல இருந்து ரொறன்ரோவில இதுக்காகவே வேலை செய்யுது, விடியக் கட்டடங்களைச் சுத்தித் தொண்டர்கள் போய் விழுந்ததுகளைப் பொறுக்குவினம். வீட்டுக் கண்ணாடிக்குப் புள்ளி ஒட்டுறதெண்டா வெளிப்பக்கம் ஒட்டுங்கோ, புள்ளிக்குப் புள்ளி அஞ்சு சென்ரிமீற்றருக்கு மேல இடைவெளி வேண்டாம். பருந்துப் படம் ஒண்டை நடுவில ஒட்டுறதால பிரியோசனமில்லை.

நடக்கேக்க விழுந்தது ஒண்டைக் கண்டா, காத்துப் போற காட்போட் பெட்டியில வைச்சு மூடி, இருட்டா சத்தமில்லாத இடத்தில வையுங்கோ, தண்ணி பருக்க வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். பிறகு ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்ரரோட கதையுங்கோ. பெட்டிக்குள்ள துடிச்சு எழும்பீட்டுது எண்டு அறைக்குள்ள திறந்து பாக்காதேங்கோ, திரும்பவும் யன்னலில போய் அடிபடும்.

மக்கோவன்_ஸ்டீல்ஸ்:

எல்லாருக்கும் சரியான நன்றி. தலைமன்னார் ஆலாவை வாசிச்சுக் காட்டினன், அம்மா உடனே "அது கரகரத்த குரலில எல்லோ கத்தும்" எண்டு சொல்லிச் சத்தம் போட்டும் காட்டினவ, மகள் மெர்லினில அந்தச் சத்தத்தை எடுத்துப் போட, ரெண்டும் ஒண்டு!

ஏரிக்கரை அண்ணை, வங்காலை அண்ணை, ரெண்டு பேரும் வருவீங்கள் எண்டா மே ரெண்டாவது சனி காலமை 7 மணிக்கு மில்லிகன் பார்க் குளத்தடியில தொடங்குவம், 9 மணிக்கு முடிப்பம், ரோசெட்டாவை அடுத்த கிழமைக்கு வைப்பம். மொத்தம் பன்னிரண்டு பேர், அதில நாங்கள் மூண்டு. மார்க்கம் நண்பர், உங்களிட்ட மேலதிகமா ஒரு பைனாகுலர் இருந்தாக் கொண்டு வாங்கோ, பிள்ளையளுக்கு மாறி மாறிக் குடுக்கலாம். வாஷ்றூம் அந்த நேரம் திறந்திருக்குமோ எண்டு சிட்டியிட்டக் கேட்டுச் சொல்லுறன். பிளேன்டீயும் ரோல்ஸும் என்ர பொறுப்பு. சாதுவான மழை எண்டா வாறதுதான், இடி மின்னல் எண்டா ஞாயிறு அதே நேரம்.

ஏரிக்கரை:

நான் வாறன். அந்தக் கிழமை வெள்ளி இரவு காத்தைப் பாத்துப்போட்டு இஞ்ச எழுதுறன், தெற்கால அடிச்சா 6 மணிக்கே வருவம்.