மறு: சிட்டிசன் எங்கேஜ்மென்ட் - தமிழ்ல என்ன வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம், அரசு முடிவெடுக்கும்போது மக்களைக் கேட்டு, அவங்களோட கலந்து பேசறதை சிட்டிசன் எங்கேஜ்மென்ட்ங்கறாங்க, வெப்சைட்லயும் மொபைல்லயும் போட அதுக்கு ஒரு தமிழ்ச்சொல் தேடிட்டு இருக்கோம். ரெண்டு நாளா நீங்க எழுதறதைப் படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்கு ஞாயித்துக்கெழமை, எழுதிடறேன்.

> குடிமக்கள் ஈடுபாடுன்னே இருக்கட்டுமே

வேணாங்க. ஈடுபாடுங்கறது மனசு சம்பந்தப்பட்டது. எங்க ஊரு சிவன் பாடலீஸ்வரர் மேல ஈடுபாடுன்னா சரி. இங்க அதைப் போட்டா, ஜனங்களுக்கு ஈடுபாடு பத்தல, அதான் வெப்சைட் பக்கம் யாரும் வரலன்னு பழி நம்ம தலையில விழும். பங்கேற்பும் கோலப்போட்டி நோட்டீஸ் மாதிரி தான், வந்தீங்க, கலந்துகிட்டீங்க, கெளம்புங்க.

> கருத்துக் கேட்பு ஏற்கெனவே புழக்கத்துல இருக்கே

இதுக்குத் தான் பதில் யோசிக்க வேண்டியதாப் போச்சு. சிப்காட் தொழிற்பேட்டை இருக்கற ஊரு எங்களுது, ஆலைங்களுக்காக கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கறதால அந்த வார்த்தை இங்க எல்லாருக்கும் அத்துப்படி. ஆனா 'கேள்'க்கு ரெண்டு அர்த்தம், வாயால கேக்கறது ஒண்ணு, காதால கேக்கறது ஒண்ணு. நம்ம அதிகாரிங்க முதலாவதை செஞ்சிட்டு ரெண்டாவதும் ஆச்சுன்னு ஃபைலை மூடிடுவாங்க. முதலாவதே கூட அரைகுறை தான். சட்ட வரைவை குறைஞ்சது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கணும்னு மத்திய அரசே 2014ல கொள்கை போட்டுச்சு, ஆனா 2020ல சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு, அதாவது ஒரு திட்டத்தால சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்புன்னு கணக்குப் பார்க்கற விதிகளோட வரைவு, இங்கிலீஷ்லயும் இந்தியிலயும் தான் வந்துச்சு, அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணையில உள்ள 22 மொழியிலயும் போடுங்கன்னு டெல்லி ஹைகோர்ட் சொல்ல வேண்டியிருந்துச்சு. தமிழ்லயே இல்லாத வரைவுக்கு தமிழன்கிட்ட என்ன கருத்து கேப்பீங்க?

என் கதையையும் சொல்லிடறேன். தெரு வாய்க்கா அடைச்சு தண்ணி வாசப்படி வரைக்கும் ஏறுது, போட்டோ புடிச்சு ஒரு போர்ட்டல்ல ஏத்துனேன். நாலாம் நாள் மெசேஜ், "தங்கள் மனு முடித்து வைக்கப்பட்டது." நான் அந்த மெசேஜைப் படிக்கும்போது செருப்பைக் கையில புடிச்சிட்டு அதே தண்ணியில தான் நின்னுட்டு இருக்கேன்.

பிரிட்டன் பார்லிமென்ட் மனு தளத்துல 10,000 கையெழுத்து வந்தா அரசு பதில் எழுதணும், 1 லட்சம் வந்தா விவாதத்துக்கு எடுக்கறதைப் பத்தி யோசிக்கணும். பெருசா ஒண்ணும் மாறிடாது தான், ஆனா பதில் சொல்ற பொறுப்புக்கு ஒரு எண் இருக்கு பாருங்க. நமக்கு வேண்டிய சொல்லுல அந்தப் பதிலும் இருக்கணும்.

அதனால நான் சொல்றது உசாவல். எங்க ஆயா எதுக்கெடுத்தாலும் "நாலு பேரை உசாவிட்டு செய்டா"ன்னும். கேக்கறது, கலந்து பேசறது, அப்புறம் செய்யறது மூணும் அதுல வந்துடும். தொல்காப்பியத்துலயே "உசாவே சூழ்ச்சி"ன்னு இருக்கு. சூழ்ச்சின்னா அப்ப கூடி ஆலோசிக்கறது, இப்ப தான் சதின்னு ஆயிடுச்சு, அதை வச்சா பொருத்தமாத் தான் இருக்கும், ஆனா எந்த அதிகாரியும் கையெழுத்து போட மாட்டாரு :) வள்ளுவரும் "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்"னு சொல்றாரு, ஆலோசனைன்னா கடைசியில ஒரு முடிவு எடுக்கணும், 'பரிசீலனையில் உள்ளது'ன்னு இழுத்துட்டு இருக்கறது இல்ல.

> உசாவல்னா போலீஸ் விசாரணை மாதிரி தொனிக்குது

கொஞ்சம் தொனிக்குது, ஒத்துக்கறேன். ஆனா 'விசாரிச்சேன்னு சொல்லு'ன்னு சொந்தக்காரங்களுக்கு சொல்லி அனுப்பும்போது யாரும் பயப்படறது இல்லையே.

இன்னொருத்தர் குடியுசாவல்னு சேர்த்து எழுதிருந்தார். இலக்கணப்படி சரி தான், ஆனா கடலூர்ல உக்காந்துட்டு, பாண்டி பஸ் எதிர்லயே நிக்குது, 'குடி'ன்னு ஆரம்பிச்சா பேச்சு வேற எடத்துக்குப் போயிடும். மக்கள் உசாவல்னு வச்சிக்கலாமா? மொபைல்ல சின்ன பட்டன்ல வெறும் உசாவல் போதுமான்னும் சொல்லுங்க.