மண்ணுல ஈரம் இருந்தும் மத்தியானம் செடி வாடுது, இன்னும் தண்ணி ஊத்தணுமா?

புதுத்தளிர்:
தொட்டில இருக்க செடிக்கு காலைல நல்லா ஊத்துறேன், விரல விட்டுப் பார்த்தா மண்ணு ஈரமா தான் இருக்கு, ஆனா வெயில் ஏறுனதும் இலையெல்லாம் தொங்கிடுது, சாயங்காலம் தானா நிமிந்துக்குது. மறுபடி ஊத்தணுமா? அப்புறம் பம்ப் எதுவும் இல்லாம தண்ணி எப்படிங்க அவ்ளோ மேல ஏறுது?

வேர்த்தூவி:
ஊத்தாதீங்க ப்ரோ. உச்சி வெயில்ல இலை வழியா ஆவியாகுற வேகத்துக்கு வேரால ஈடு குடுக்க முடியல, செல்லுக்குள்ள அழுத்தம் குறையுது, இலை தொங்குது, அவ்ளோதான். விடியுற நேரத்துலயும் தொங்கியே இருந்தா தான் கவலைப்படணும்.

மேல ஏறுறத பத்தி கேட்டீங்கல்ல, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். வேர் மேல முடி மாதிரி இருக்க வேர்த்தூவிக்குள்ள இருக்க கரைசல் மண்ணுத் தண்ணிய விட அடர்த்தி, அதனால சவ்வூடு பரவல்ல, அதாவது மெல்லிய சவ்வு வழியா அடர்த்தி கூடுன பக்கமா, தண்ணி உள்ள வருது, அங்கேர்ந்து சைலம்ங்கற தண்ணி ஏத்துற குழாய்க்குப் போகுது. கீழருந்து வேர் தள்ளுறது கொஞ்சம்தான், பெரும்பாலும் மேலருந்து இழுக்குறது தான். இலைல தண்ணி ஆவியாக ஆவியாக பின்னாடி இருக்க மூலக்கூறுங்க இழுபட்டு வருது, ஏன்னா அதுங்க ஒண்ணோட ஒண்ணு கெட்டியா ஒட்டிக்கிட்டு வேர் வரைக்கும் அறுபடாத இழையா நிக்குது. டிக்சன், ஜோலின்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1894லயே இத சொல்லிட்டாங்க. உறிஞ்சுற பம்ப் எதுவா இருந்தாலும் சுமார் 10 மீட்டருக்கு மேல தண்ணிய தூக்காது, ஆனா கலிஃபோர்னியா ரெட்வுட் மரம் 115 மீட்டர் உச்சி வரைக்கும் ஏத்துது! அந்தக் குழாயெல்லாம் செத்த செல்லுங்க வேற, தூக்குற வேலைய செய்யுறது சூரியன் தான்.

புதுத்தளிர்:
அடேங்கப்பா. சரி, இவ்ளோ கஷ்டப்பட்டு ஏத்துனத ஏன் வெளிய விடணும், இலைத்துளைய மூடி வச்சுக்கலாம்ல?

இலைத்துளை:
மூடுனா பட்டினி தான். கார்பன் டை ஆக்சைடு உள்ள வரதும் அதே துளை வழியா தான், தொறந்தா தண்ணி போயிடும். உறிஞ்சுறதுல 95 சதவீதத்துக்கும் மேல இப்படித்தான் காத்துல போகுது. அதுக்காக சும்மா தொறந்தும் விடாது, துளைக்கு ரெண்டு பக்கமும் இருக்க காப்பு செல்லுக்குள்ள பொட்டாசியம் ஏறுனா தண்ணியும் ஏறி உப்பிக்கிட்டு துளை தொறக்கும், வறட்சி வந்தா அப்சிசிக் அமிலம்னு ஒரு ஹார்மோன் மூட வைக்கும். கள்ளி, அன்னாசி மாதிரி செடிங்க பெரும்பாலும் ராத்திரில தான் தொறந்து கார்பன் டை ஆக்சைட புடிச்சு வச்சுக்கும், எனக்கு இது தான் இருக்கதுலயே புத்திசாலித்தனமான ஏற்பாடுன்னு தோணும்.

மண்வாசம்:
ஒண்ணு சேர்த்துக்கறேன், வாடுதுன்னு ஊத்திக்கிட்டே இருந்தா நிலைமை இன்னும் மோசமாகும். மண்ணுல காத்து இருக்குற இடமெல்லாம் தண்ணி நிரம்பிட்டா வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது, அப்புறம் தண்ணிலயே நின்னாலும் அதால சரியா உறிஞ்ச முடியாது, செடி பார்க்க காஞ்ச மாதிரியே இருக்கும். உரம் ஓவரா போனாலும் அப்படித்தான், மண்ணுத் தண்ணி அடர்த்தியாகி வேருக்குள்ள தண்ணி வரதே கஷ்டமாயிடும், ரொம்ப மிஞ்சுனா வேர்ல இருக்கதும் வெளிய போயிடும். புதுசா மாத்தி நட்ட செடின்னா வேர்த்தூவி நிறைய அறுந்திருக்கும், அது திரும்ப வளர வரைக்கும் நிழல்ல வைங்க, ஆவியாகுறத குறைக்கிறது தான் அப்போ செடிக்கு பண்ற பெரிய உதவி.