அம்மம்மாவுக்கு ஒரு கடலுணவுச் சூப்

யாழ்ப்பாணம், சனிக்கிழமை

நான்: பெரியம்மா, சின்னம்மா, ஒரு விஷயம் கேட்க வேண்டும். அம்மம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறார். இன்று மத்தியானம் தானாகவே ஒடியல் கூழ் கேட்டார். கூழின் உறைப்பை இப்போது வயிறு தாங்காது. நண்டு, இறால், மீன் எல்லாம் போட்டு, தேங்காய்ப்பாலில் தடிப்பாக, உறைப்பில்லாமல் ஒரு சூப் நாளைக்கு வைக்கலாம் என்று பார்க்கிறேன். எப்படி வைக்க வேண்டும்?

பெரியம்மா: நல்ல யோசனை பிள்ளை. அம்மா வாய் திறந்து ஒன்றைக் கேட்டிருக்கிறார் என்றால் கட்டாயம் செய்ய வேண்டும்.

மாமா: கூழுக்குப் போடுகிற பனங்கிழங்கு மா, ஒடியல் மா, வீட்டில் இருக்கிறது. கொண்டு வரட்டா?

பெரியம்மா: இதற்கு வேண்டாம் தம்பி. ஒடியல் மாவைக் கனக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல் தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் கைப்பை எடுக்க வேண்டும். புளியும் செத்தல் மிளகாயும் சேர்ந்தால்தான் அந்த மாவுக்கு ருசி. தேங்காய்ப்பாலின் மணத்தை அது அமுக்கிவிடும். பிள்ளை கேட்பது கூழ் இல்லை, சொதிக்குப் பக்கத்தில் வருகிற சாப்பாடு. சொதி வைக்கத் தெரிந்த கைக்கு இது கஷ்டமில்லை.

நான்: அப்படியென்றால் தடிப்பு எப்படி வரும்? ஒரு வீடியோவில் கிறீமும் கோதுமை மாவும் போட்டார்கள்.

பெரியம்மா: இரண்டும் வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி பச்சையரிசியைக் கழுவி மீன் அவித்த தண்ணீரிலேயே குழைய அவிய விடு. வதக்கிய வெங்காயத்தோடு அதைக் கிறைண்டரில் மை போல அரைத்துத் திரும்ப ஊற்று. தடிப்பும் வரும், வயிற்றுக்கும் சுகம். மேலே முதற்பால் சேர்ந்தால் எந்தக் கிறீமும் கிட்ட வராது.

சின்னம்மா: சாமான் எங்கே வாங்கப் போகிறாய்?

நான்: திருநெல்வேலிச் சந்தையில் வாங்கலாம் என்று நினைத்தேன் சின்னம்மா.

சின்னம்மா: நீ அலைய வேண்டாம். கொழும்புத்துறையிலிருந்து பாசையூர் மீன்சந்தை எனக்கு நடை தூரம். விடியவே போய் வாங்கி, தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஆறு பேருக்கு இரண்டு நண்டு, தலையோடு கால் கிலோ இறால், சின்னக் கணவாய் இரண்டு, ஒரு விளைமீன் காணும். விளை கிடைக்காவிட்டால் பாரை. சூடை, சாளை மாதிரி எண்ணெய் கூடின மீனை வெள்ளைச் சூப்புக்குப் போடக்கூடாது, மீன் வெடுக்கு மேலே வந்துவிடும்.

மச்சாள்: மாமி, நல்ல நண்டு என்று எப்படிப் பார்ப்பது? எனக்கு எப்போதும் உள்ளே தண்ணீராகத்தான் வாய்க்கிறது.

சின்னம்மா: பெருங்காலையும் வயிற்றுப் பக்கத்தையும் அழுத்திப் பார் பிள்ளை. அமுங்கினால் இப்போதுதான் கோது கழற்றிய நண்டு, உள்ளே சதை இருக்காது. கையில் எடுத்தால் அதன் அளவுக்கு மேல் பாரம் தெரிய வேண்டும். நிலவு காலத்து நண்டில் சதை குறைவு என்று கடற்கரையில் எல்லாரும் சொல்வார்கள், நானும் அந்த நாட்களில் வாங்குவதில்லை. வயிற்றில் முட்டை கட்டிய பெண் நண்டு என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதே. அது கடலில் இருக்க வேண்டியது. வயிற்று மூடி அகலமாக இருந்தால் பெண், ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண்.

மாமா: தேங்காய் நான் தருகிறேன். கோண்டாவில் வீட்டு மரத்தில் நேற்றுத்தான் பறித்தது. எத்தனை?

பெரியம்மா: இரண்டு. நன்றாக முற்றியது பார்த்துத் தா. இளசாக இருந்தால் பால் தண்ணீராகப் போகும்.

அண்ணா (ரொறன்ரோ): இங்கே தாய்லாந்துக் கடையில் இதே மாதிரி ஒரு சூப் குடித்திருக்கிறேன். தொம் கா என்பார்கள். தேங்காய்ப்பால், பேரரத்தை, லெமன்கிராஸ், ஒரு வகைத் தேசி இலை, மீன் சோஸ், கடைசியில் தேசிப்புளி. கோழியிலும் வைப்பார்கள், இறாலிலும் வைப்பார்கள். அம்மம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பெரியம்மா: நல்லதுதான் தம்பி. ஆனால் காய்ச்சல் கிடந்து எழும்பிய ஆளுக்குப் புது மணம் வேண்டாம். வாய்க்குத் தெரிந்த மணம்தான் பசியைக் கிளப்பும். கறிவேப்பிலை, ரம்பை, வெந்தயம், இஞ்சி, உள்ளி. இவ்வளவும் போதும். நீ சொன்னதில் தேசிப்புளியைக் கடைசியில் விடுவது மட்டும் எங்கள் சொதிக்கும் பொருந்தும்.

அண்ணா (ரொறன்ரோ): ஓம், அது சரி. நான் இங்கே 400 மில்லி ரின் பாலில் வைத்துப் பார்க்கிறேன்.

மச்சாள்: அப்பம்மாவுக்குப் பிரஷரும் இருக்கிறது. உப்பைக் கவனியுங்கள். நண்டிலும் இறாலிலும் உப்புச் சுவை தானாகவே இருக்கும். கடைசியில் ருசி பார்த்துவிட்டுப் போட்டால் போதும்.

மச்சாள்: இன்னொன்று. நாளைக்கு நானும் சின்னவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, உங்களுக்குத் தெரியும். இறாலை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுத்தால் சரிவருமா என்று யாரும் யோசிக்க வேண்டாம். இறால் கோது அவித்த தண்ணீரிலும் அந்தப் புரதம் இருக்கும். இறால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு நண்டும் ஒத்துக்கொள்ளாது. மீன் அவனுக்குப் பிரச்சினை இல்லை, டொக்டர் பார்த்துச் சொன்னவர்.

நான்: சொன்னது நல்லது மச்சாள். அவனுக்கு மீன் தலையில் தனியாகச் சின்னச் சட்டியில் முதலில் வைத்து எடுத்து மூடி வைக்கிறேன். அகப்பையும் வேறு, வடிகட்டியும் வேறு.

பெரியம்மா: முதலில் அவனுடையதைச் செய், அதுதான் சரி. நண்டும் இறாலும் அதற்குப் பிறகு அடுப்படிக்குள் வரட்டும்.

பெரியம்மா: இப்போது வடிவாகக் கேள். சூப்பின் ருசி முழுக்க நீங்கள் எறிகிற சாமானில்தான் இருக்கிறது. இறாலின் தலையையும் கோதையும் எறியாதே. கழுவி, தண்ணீர் வடியவிட்டு, ஒரு கரண்டி எண்ணெயில் சிவக்க வதக்கு. வதக்காமல் அவித்தால் ருசியும் நிறமும் தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. மணம் வந்ததும் அகப்பைக் காம்பால் தலைகளை நசுக்கு. பிறகு மீன் தலையும் நடுமுள்ளும் போட்டு (செவுளைக் கட்டாயம் எடுக்க வேண்டும், அது கைக்கும்) ஒன்றரை லீற்றர் தண்ணீர் விடு. ஒரு துண்டு இஞ்சி, நாலைந்து மிளகு. மெல்லிய கொதியில் இருபது நிமிடம். அதற்கு மேல் மீன் முள்ளை அவித்தால் கைப்புத் தட்டும். மேலே வருகிற நுரையை எடுத்துக்கொண்டே இரு. பிறகு வடி. ஆட்டெலும்பு மாதிரி மணிக்கணக்கில் போட்டு வைக்கிற சாமான் இல்லை இது.

மாமா: அக்கா, மஞ்சள்?

பெரியம்மா: கத்தி நுனியில் எடுக்கிற அளவு. சொதி நிறம் வர வேண்டும், கறி நிறம் வரக்கூடாது.

மச்சாள்: மாமி, பால் திரியாமல் இருக்க வழி சொல்லுங்கள். என் வகுப்புப் பிள்ளைகள்கூடக் கேட்பார்கள், ஏன் திரிகிறது என்று. தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் கலந்து நிற்பது. அந்தத் துளிகளை ஒன்றோடொன்று சேரவிடாமல் வைத்திருப்பது தேங்காயில் இருக்கிற புரதம். கடும் கொதியில் புரதம் இறுகிவிடும், எண்ணெய் பிரிந்து மேலே வரும். புளியும் அதே வேலையைச் செய்யும். சூடும் புளியும் சேர்ந்தால் இன்னும் கெதி. ரின் பாலில் பிரியாமல் இருக்கப் பசை மாதிரி ஒன்று சேர்ப்பதால் அது கொஞ்சம் தாங்கும்.

பெரியம்மா: நீ காரணம் சொல்லிவிட்டாய், நான் கைப்பக்குவம் சொல்கிறேன். இரண்டு தேங்காய்த் துருவலுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு கோப்பை விட்டுப் பிழிந்தால் முதற்பால். அதைத் தொடாமல் தனியே வை. திரும்ப இரண்டு கோப்பை விட்டுப் பிழிவது கப்பிப்பால். கப்பிப்பால் கொதிக்கலாம், பயமில்லை, அதில்தான் மீனை அவிக்க வேண்டும். முதற்பால் கொதிக்கவே கூடாது. மீன் வெந்து, நெருப்பைக் குறைத்து, கொதி அடங்கிய பிறகு சூடான சூப்பில் இரண்டு அகப்பை எடுத்து முதற்பாலில் கலந்து, அந்தக் கலவையைச் சட்டியில் ஊற்று. ஒரே பக்கமாக மெல்லத் துழாவு. ஓரத்தில் ஆவி எழும்பும்போதே இறக்கு. இறக்கிச் சூடு கொஞ்சம் தணிந்ததும் தேசிக்காய்.

பெரியம்மா: உப்பையோ மிளகையோ பிறகும் சரிசெய்யலாம். முதற்பாலைக் கொதிக்கவிட்டால் சரிசெய்ய வழி இல்லை. அந்த நேரத்தில் போனை எடுக்காதே.

நான்: எடுக்கமாட்டேன் பெரியம்மா.

ஞாயிற்றுக்கிழமை

சின்னம்மா: தம்பி புறப்பட்டுவிட்டான். விளை கிடைத்தது, உடம்பு பளபளவென்று இருக்கிறது. இறால் தலை கறுக்கவில்லை. கணவாயின் தோலை நீயே உரித்துக்கொள். வந்தவுடன் பிரிஜ்ஜில் வை, வெளியே விடாதே.

நான்: வந்து சேர்ந்தது சின்னம்மா. நல்ல சாமான். கடல் மணம் மட்டும்தான், வெடுக்கே இல்லை.

நான்: சின்னவனின் சூப் முடிந்தது. மூடி வைத்துவிட்டேன். இப்போது பெரிய சட்டி. இறால் கோது வதங்குகிறது, வீடு முழுக்க மணம். அம்மம்மா அறையிலிருந்து "என்ன வறுக்கிறாய்" என்று கேட்கிறார்.

பெரியம்மா: கேட்கிறாரா! சாப்பிடுவார். நண்டை எப்படிச் செய்யப் போகிறாய்?

நான்: முழுதாகப் போடலாமா?

பெரியம்மா: எங்களுக்கு என்றால் உடைத்துப் போடலாம். அம்மாவுக்குக் கோது கடிக்க முடியாது. உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிற செவுளை எடுத்துவிட்டு, வடித்த தண்ணீரில் நண்டைப் பத்து நிமிடம் அவித்து எடு. ஆறியதும் சதையைப் பிரித்துவை. விரலால் ஒரு தரம் தடவிப் பார், சின்னக் கோதுத் துண்டு ஒன்றும் இருக்கக்கூடாது. கடைசியில் கோப்பைக்குள் நண்டுச் சதையை வைத்து மேலே சூப்பை ஊற்று.

மாமா: கணவாய் றப்பர் மாதிரி வந்துவிடும், கவனம்.

பெரியம்மா: ஓம், கணவாய்க்கு இரண்டு வழிதான். ஒன்றிரண்டு நிமிடத்தில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம் அவிக்க வேண்டும். நடுவில் நின்றால் பல்லுக்கு வேலை. மீன் துண்டு ஐந்து நிமிடம் முதலில். பிறகு இறாலும் கணவாயும் ஒன்றாக. இறால் வளைந்து சிவந்தால் போதும்.

நான்: சரி. வெந்தயம், சின்ன வெங்காயம், உள்ளி, ரம்பை வதக்கிவிட்டேன். அரிசியோடு அரைப்பதற்கு முன்பு ரம்பையையும் கறிவேப்பிலையையும் எடுக்க வேண்டுமா?

பெரியம்மா: கட்டாயம். வெந்தயமும் கருகியிருக்கக்கூடாது, கருகினால் சூப் முழுக்கக் கைக்கும். பொன்னிறமா?

நான்: பொன்னிறம்தான்.

பெரியம்மா: நல்லது. பச்சை மிளகாய் ஒன்றைக் கீறி முழுதாகப் போடு, மணத்துக்கு மட்டும். பரிமாற முன் எடுத்துவிடு.

அண்ணா (ரொறன்ரோ): இங்கே நடு இரவு. நித்திரை கொள்ளாமல் இருக்கிறேன். என்ன நடக்கிறது?

சின்னம்மா: முதற்பால் விடுகிறாள் போல. பேசாமல் இருங்கள்.

நான்: இறக்கிவிட்டேன். திரியவில்லை. வெள்ளையும் மஞ்சளும் கலந்து, அகப்பையில் ஒட்டிக்கொண்டு வழிகிற பதம். உப்பு அரைத் தேக்கரண்டிதான் போட்டேன், அதுவே காணும்.

மச்சாள்: நாங்கள் வந்துவிட்டோம், வாசலில் நிற்கிறோம்.

மாமா: அம்மா குடித்தவரா?

நான்: ஒரு கோப்பை குடித்தார் மாமா. நண்டுச் சதையை முதலில் தேடிச் சாப்பிட்டார். பிறகு இடியப்பம் கேட்டு, அதன் மேல் ஊற்றி இரண்டு சாப்பிட்டார். இவ்வளவு நாளில் இதுதான் வயிறு நிறையச் சாப்பிட்டது.

பெரியம்மா: எனக்கு இதைவிட வேறு என்ன வேண்டும் பிள்ளை. நன்றாகச் செய்திருக்கிறாய்.

மச்சாள்: சின்னவனும் தன்னுடையதை முடித்துவிட்டுத் திரும்பக் கேட்கிறான். ஒரு தடிப்பும் வரவில்லை, சொறியும் இல்லை.

சின்னம்மா: மிச்சம் இருக்கிறதா?

நான்: முதற்பால் விடாமல் பாதியை எடுத்து வைத்திருக்கிறேன். இரவுக்கு அம்மம்மா கேட்டால் கொடுக்க.

பெரியம்மா: அப்படித்தான் வைக்க வேண்டும். முதற்பால் விட்ட சூப்பைத் திரும்பச் சூடாக்கினால் பிரியும். எடுத்து வைத்ததைக் கெதியாக ஆறவிட்டு, ஆறியதும் பிரிஜ்ஜில் வை. இந்த வெக்கையில் தேங்காய்ப்பால் சேர்ந்த சாமான் மேசையில் கிடக்கக்கூடாது. இரவு அதை நன்றாகக் கொதிக்க வைத்து, நெருப்பைக் குறைத்த பிறகு புதிதாகப் பிழிந்த பால் விடு.

நான்: காலையில் பிழிந்த முதற்பால் முடிந்துவிட்டது. மாமா, பின்னேரம் வரும்போது இன்னும் ஒரு தேங்காய் கொண்டு வருவீர்களா?

மாமா: ஓம். துருவியே கொண்டு வருகிறேன்.

பெரியம்மா: துருவாதே தம்பி, அங்கேயிருந்து வரும் நேரத்துக்குள் பால் காய்ந்துவிடும். முழுதாகக் கொண்டு போ, அங்கே உடைத்துத் துருவிக் கொடு.

மாமா: சரி அக்கா. ஐந்து மணிக்கு நிற்பேன்.