புபு என்ற மீன்பிடிக் கூட்டுக்கு வாய் முக்கியமா, வேளை முக்கியமா?

பத்து மாவுங் படகுக்காரன்:
பினாங்கை அடுத்த புலாவ் கெண்டித் தீவில் பாறையை ஒட்டி ஆறு புபு போட்டிருக்கிறேன். ஆறுக்கும் ஒரே கம்பி வலை, ஒரே அளவு, ஒரே இரை. மூன்றை விடியும்போது இறக்கி மாலை ஐந்து மணிக்குத் தூக்கினேன். மற்ற மூன்றை மாலையில் இறக்கி மறுநாள் வெளுக்கும்போது தூக்கினேன். பகல் கூட்டில் பெரும்பாலும் தெங்கிஸ் (ஓரா), ஒன்றிரண்டு கிளிமீன். இரவுக் கூட்டில் ஜெனாஹாக் (சங்கரா வகை), கூடவே ஒரு கெராப்பு (களவா). நாலு வாரமாகப் பார்த்துவிட்டேன், மாறவே இல்லை. கூட்டை எப்படிக் கட்டினாலும் சரி, வேளைதான் மீனைத் தீர்மானிக்கிறது என்பேன்.

தெலுக் பகாங் செல்வம்:
தம்பி, ஆறு கூடும் ஒரே மாதிரி என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு கூட்டின் அமைப்பு முக்கியமில்லை என்பது எப்படித் தெரியும்? அதைத்தான் நீங்கள் மாற்றிப் பார்க்கவே இல்லையே.

அப்பாவோடு மூங்கிலும் பிரம்பும் வைத்துப் புபு பின்னிய கை இது. மீன் நுழைகிற வாயான இஞ்சாப்பு நேராக இருந்தால் சுலபமாக உள்ளே வரும், அதே சுலபத்தில் வெளியேயும் போகும். உள்முனையைக் கீழ்நோக்கி வளைத்து, கம்பி நுனிகளை வெட்டாமல் விரல் போல நீட்டி விட்டுப் பாருங்கள். உள்ளே மாட்டிய மீன் சுவரை ஒட்டித்தான் சுற்றும். தரையைப் பார்த்திருக்கும் வாயை அது கடந்து போய்க்கொண்டே இருக்கும்.

பத்து மாவுங் படகுக்காரன்:
அண்ணே, ஒரே மாதிரி வைத்ததே வேளையை மட்டும் பிரித்துப் பார்க்கத்தான். கிளிமீன் இரவில் பாறை இடுக்கில் தூங்குகிற மீன். தூங்குகிற மீன் எந்த வாயிலும் நுழையாது. ஜெனாஹாக் இருட்டத் தொடங்கும்போது ஒதுங்கிய இடத்தை விட்டு இரை தேடக் கிளம்பும். அதன் குணத்தை எந்தக் கம்பி வளைவும் மாற்றாது.

தெலுக் பகாங் செல்வம்:
எந்த மீன் வரும் என்பதை வேளை சொல்லும், ஒப்புக்கொள்கிறேன். வந்த மீனில் எத்தனை தங்கும் என்பதை வாய்தான் சொல்லும். ஜமைக்காவில் மன்ரோ என்ற ஆய்வாளர் 1970களிலேயே இதைக் காட்டினார். கூட்டில் இருக்கும் மீனில் ஒரு பங்கு தினமும் வெளியேறிக்கொண்டே இருக்கும். நாள் கூடக் கூட நுழைவதும் போவதும் சமமாகிவிடும், அதற்கு மேல் பிடி ஏறாது. நேர் வாய் வைத்துவிட்டு ஐந்து நாள் காத்திருப்பது வீண்.

இன்னொன்று. நம் தண்ணீர் கலங்கல். அமாவாசை, பௌர்ணமி ஓட்டத்தில் முழங்கை ஆழத்தில் விரல் தெரியாது. இங்கே சூரியனைவிட நீரோட்டம் பெரிது. நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இரையின் வாசம் ஓட்டத்தோடு கீழே போகும், மீன் அதை எதிர்த்து ஏறி வரும். அதனால் வாய் ஓட்டம் போகிற பக்கம் பார்க்க வேண்டும். உங்கள் இரவுக் கூடுகள் எந்தப் பக்கம் பார்த்திருந்தன?

பத்து மாவுங் படகுக்காரன்:
அதைக் குறித்து வைக்கவில்லை. சரி, அது என் கணக்கில் ஓட்டைதான்.

அலையரசி:
இரண்டு பேரும் தூக்கிய கூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். யாரும் தூக்காத கூட்டை நான் பார்த்திருக்கிறேன். கடல் பூங்காவான புலாவ் பாயாரைச் சுற்றி இரண்டு கடல் மைலுக்கு மீன்பிடிக்கத் தடை. அந்தப் பவளத்தின் மேல் கயிறு அறுந்த ஒரு புபு கிடந்தது. உள்ளே ஒரு கெராப்பு. கம்பியில் இடித்து இடித்து மூக்குத் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் வெறும் முள். செத்த மீனே அடுத்த மீனுக்கு இரையாகிறது. செல்வம் அண்ணன் சொல்கிற வளைந்த வாய் அங்கேதான் கொடுமை. எவ்வளவு நல்ல வாயோ, தொலைந்த பிறகு அவ்வளவு நாள் கொல்லும். பெர்முடாவில் 1990இல் மீன் கூட்டையே தடை செய்துவிட்டார்கள்.

தெலுக் பகாங் செல்வம்:
தடை என்றால் எங்கள் பிழைப்பு போகும், அம்மா. இழுவைப் படகோடு ஒப்பிட்டால் புபு எவ்வளவோ மேல். வேண்டாத மீனை உயிரோடு திருப்பி விடலாம்.

அலையரசி:
தடை கேட்கவில்லை, அண்ணே. கதவைப் பருத்திக் கயிற்றால் கட்டுங்கள் என்கிறேன். கூடு தொலைந்தால் கயிறு இற்றுக் கதவு தானாகத் திறக்கும். குராசாவ் தீவில் 2.5 சென்டிமீட்டர் அகலத்தில் நெடுக்காக ஒரு இடுக்கு வைத்துப் பார்த்தார்கள். குஞ்சும் ஒல்லி மீனும் தப்பின, விற்கிற பிடியின் மதிப்பு குறையவில்லை.

தெலுக் பகாங் செல்வம்:
கயிறு சரி, நாளைக்கே கட்டுகிறேன். இடுக்குக்கு மட்டும் ஒப்பமாட்டேன். தெங்கிஸ் தட்டை மீன், அதில் நழுவிவிடும். அங்கே அது ஒல்லி மீன், எனக்கு அது காலை பாசாரில் முதலில் விற்கிற மீன்.

பத்து மாவுங் படகுக்காரன்:
அப்படியானால் இடுக்கை இரவுக் கூட்டில் மட்டும் வைக்கலாமே, அண்ணே? தெங்கிஸ் எனக்குப் பகலில்தான் விழுகிறது. இந்த வாரம் இரவுக் கூடு மூன்றில் ஒன்றுக்கு வளைந்த வாய், ஒன்றுக்கு இடுக்கு, ஒன்று பழையபடி. மூன்றுக்கும் வாய் ஓட்டம் போகிற பக்கம். கதவெல்லாம் பருத்திக் கயிறு. எடை போட்டு ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.