மறு: ஹைசன்பக் – மாயவழு வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

ஹைசன்பக், அதாவது தேடிப் பார்க்கப் போனால் மறைந்துவிடும் நிரல் வழுவுக்கு (பக்), தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். நேற்று வந்த மாயவழு, பேய்வழு, கண்கட்டுவழு மூன்று பரிந்துரைகளையும் ரசித்தேன். ஆனால் பேய் உவமை தலைகீழாக இருக்கிறது. நம் ஊர்ப் பேய் ஒழுங்கானது. கோடாங்கி உடுக்கையை எடுத்தால் வந்து ஆடும். எந்தப் புளியமரம், என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்லும். கோழியும் சுருட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடும். ஹைசன்பக்கோ உடுக்கைச் சத்தம் கேட்டதும் நழுவிவிடும். நாம் டீ குடிக்க எழுந்துபோனதும் திரும்பி வரும்.

டேண்டம் என்ற கணினி நிறுவனத்தில் இருந்த கணினி அறிஞர் ஜிம் கிரே 1985இல் எழுதிய அறிக்கையில் வழுக்களை இரண்டு வகையாகப் பிரித்துச் சொல்கிறார். நிரலை எப்போது ஓட்டினாலும் அதே இடத்தில் விழுவது போர்பக். இயற்பியலாளர் நீல்ஸ் போர் சொன்ன அணு மாதிரி கெட்டி. மறுபடி ஓட்டினால் காணாமல் போவது ஹைசன்பக். அவர் காட்டும் ஒரு பதிவில் 132 பிழைகளில் ஒன்றே ஒன்றுதான் போர்பக்! "ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பது மந்திரம் போலப் பலிப்பது இதனால்தான். கூப்பிட்டால் வருகிற போர்பக்குக்கு வேண்டுமானால் பேய்வழு என்று வைக்கலாம்.

மாயம் என்றால் காரணமே இல்லை என்று ஆகிவிடுகிறது. காரணம் இருக்கிறது, நமக்குப் பிடிபடுவதில்லை, அவ்வளவுதான். முன்பு ஒருமுறை என் நிரல் இரண்டு தசம எண்கள் சமமா என்று பார்க்கும் இடத்தில் தவறான பக்கம் போய்க்கொண்டிருந்தது. மதிப்பைப் பார்ப்போம் என்று அச்சிடும் வரி ஒன்றைச் சேர்த்தேன். சரியாக ஓடியது. நீக்கினேன், மறுபடி தவறு. பழைய இன்டெல் சில்லுகள் தசமக் கணக்கை சில்லுக்குள்ளேயே இருக்கும் 80 பிட் பதிவகத்தில் போடும்; நினைவகத்துக்கு அனுப்பும்போது 64 பிட்டாகச் சுருக்கும். அச்சிடுவதற்காக எண் நினைவகத்துக்குப் போனது, வால் உதிர்ந்தது, இரண்டும் சமமாகிவிட்டன. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு மூன்று நாள் மல்லுக்கட்டிவிட்டு, "இந்த வரியை நீக்காதீர்கள்" என்று குறிப்பெழுதி விட்டுவிட்டேன். நிரலுக்குக் கட்டிய தாயத்து.

(தாயத்துக்கும் சொல் தேவைப்பட்டால் வெளியே அலைய வேண்டாம். வழுவே இலக்கணம் தந்த சொல்தானே. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது திணைவழு. அன்பினால் சொன்னதால் வழுவமைதி, அதாவது வழுதான், ஆனாலும் ஏற்றுக்கொள்ளலாம். நான் அமைந்தது அலுப்பினால்.)

தொட்டாற்சிணுங்கி வழு என்று ஒரு நண்பர் சொன்னது அருமைதான். ஆனால் அது தொட்டால் சுருங்குமே தவிர, அங்கேயேதான் இருக்கும். தவிர, பெயர் ரொம்ப நீளம்.

சரி, என் பரிந்துரை: நாணுவழு. 1094ஆம் குறளில் காதலன் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தால் அவள் நிலத்தைப் பார்க்கிறாள். பார்க்காதபோது என்னைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள். ஹைசன்பக்கை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை. வினைத்தொகை, நான்கே எழுத்து. போர்பக்குக்கு நிலைவழு என்றால் ஜோடியும் சேர்ந்துவிடும்.

மறுமொழி:

ஐயா, நாணுவழுவுக்கு என் வாக்கு. "மெல்ல" என்பதில் மட்டும் உடன்பாடில்லை. எங்கள் அலுவலகத்தில் இருப்பது மாதக் கடைசியில், சம்பளப் பட்டியல் ஓடும்போது, வாய்விட்டுச் சிரிக்கிறது.